ஆன்டிகனி: அரசாணையும் அண்ணன் பிணமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் அரசின் சட்டமும் குடும்பக் கடமையும் மோதும் இடம் எது என்று கேட்டால், எல்லோரும் முதலில் கைகாட்டுவது சோஃபக்ளீஸ் எழுதிய ‘ஆன்டிகனி’யைத்தான். அதைப் பாடமாகப் படிப்பவர்களும் மேடையேற்ற நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் இந்தப் பக்கம், குடும்பம் அந்தப் பக்கம் என்று நடுவில் கோடு கிழித்துப் படிப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. நாடகத்தை நிதானமாகப் படித்தால் அந்தக் கோடு நிற்காது.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

தீப்ஸ் நகரத்தின் பழைய அரசன் ஈடிபஸ். தெரியாமல் தந்தையைக் கொன்று, தெரியாமலே தாய் யொகாஸ்டாவை மணந்தவன். அவர்களுக்கு நான்கு பிள்ளைகள்: எட்டியோக்ளீஸ், பாலினைசஸ் என்று இரண்டு மகன்கள், ஆன்டிகனி, இஸ்மீனி என்று இரண்டு மகள்கள். ஆட்சி யாருக்கு என்ற சண்டையில் பாலினைசஸ் ஆர்கோஸ் நகரத்துப் படையைத் திரட்டிக்கொண்டு சொந்த ஊரின் மேலேயே படையெடுத்து வருகிறான். ஏழு வாசல்களிலும் போர் நடக்கிறது. அண்ணன் தம்பி இருவரும் ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள்.

நாடகம் தொடங்குவது மறுநாள் விடியலில். ஆட்சி இப்போது யொகாஸ்டாவின் சகோதரன் கிரயோன் கையில். ஊரைக் காத்த எட்டியோக்ளீஸுக்கு முழு மரியாதையோடு அடக்கம். ஊரை எரிக்க வந்த பாலினைசஸின் பிணம் நாய்க்கும் பறவைக்கும் கிடக்கட்டும். மீறி அடக்கம் செய்பவர் ஊரார் கையால் கல்லடிபட்டுச் சாக வேண்டும். இதுதான் அவன் ஆணை. ஆன்டிகனி மீறுகிறாள், பிடிபடுகிறாள், ஒப்புக்கொள்கிறாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன் கிரயோனின் மகன் ஹைமோன். அவன் தந்தையிடம் வாதாடிப் பார்க்கிறான், பலனில்லை. அவளை ஒரு பாறைக் குகைக்குள் உயிரோடு வைத்து அடைக்கிறார்கள். பார்வையற்ற குறிசொல்லி டைரீசியாஸ் வந்து எச்சரித்த பிறகு கிரயோன் மனம் மாறி ஓடுகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டாள். ஹைமோன் தந்தையை வெட்டப் பாய்ந்து, குறி தவறி, தன்னையே குத்திக்கொள்கிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிசி கணவனைச் சபித்துவிட்டு உயிரை விடுகிறாள். கடைசியில் மேடையில் உயிரோடு நிற்பவன் கிரயோன் மட்டும்தான்.

எப்போது, எங்கே அரங்கேறியது?

கி.மு. 441 வாக்கில், ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருந்த டயோனைசஸ் அரங்கில் நடந்தது. ஆண்களே முகமூடி அணிந்து பெண் வேடமும் கட்டினார்கள். ஆன்டிகனியாக நின்றதும் ஒரு ஆண்தான். சோஃபக்ளீஸ் நூற்றுக்கும் மேல் நாடகங்கள் எழுதியவர். முழுதாகக் கிடைப்பவை 7.

ஒரு பிணத்தைப் புதைப்பதற்கு ஏன் இவ்வளவு ரகளை?

அடக்கம் நடக்காவிட்டால் இறந்தவன் கீழுலகத்துக்குள் போய்ச் சேர முடியாது என்பது கிரேக்க நம்பிக்கை. ஹோமரின் இலியத்தில் போரில் இறந்த பட்ரோக்ளஸின் ஆவி நண்பன் அகில்லிஸின் கனவில் வந்து, “சீக்கிரம் என்னை அடக்கம் செய், நான் வாசலைக் கடக்க வேண்டும்” என்று கேட்கிறது. உடலைக் குளிப்பாட்டி, உடுத்தி, கிடத்தி, ஒப்பாரி வைப்பது வீட்டுப் பெண்களின் வேலை. அது சலுகையல்ல, பொறுப்பு. கிடக்கும் பிணம் உறவினரை மட்டும் பாதிப்பதும் இல்லை, ஊருக்கே தீட்டு. நாடகத்தின் பிற்பகுதியில் அதுதான் நடக்கிறது. பிணத்தைக் கொத்திய பறவைகளும் கடித்த நாய்களும் அந்தச் சதையைப் பலிபீடங்களில் கொண்டுவந்து சேர்க்கின்றன. யாகத் தீ பற்ற மறுக்கிறது.

ஆன்டிகனி செய்த ‘அடக்கம்’ எவ்வளவு சின்னது என்பதையும் கவனியுங்கள். குழி தோண்டவில்லை. உலர்ந்த மண்ணை அள்ளி மேலே தூவுகிறாள். சடங்குக்கு அதுவே போதும்.

கிரயோன் போட்டது உண்மையில் சட்டம்தானா?

என் கருத்தில் முழு நாடகமும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது.

கிரயோன் ஆட்சிக்கு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. எந்தச் சபையும் கூடி இதை நிறைவேற்றவில்லை. முதியோர் அடங்கிய கோரஸை (நாடகத்தில் ஒன்றாகப் பாடியும் பேசியும் வரும் குழுவை) அவன் அழைப்பதே ஆணையைத் தெரிவிக்கத்தான். அவர்களைக் கலந்துகொள்ள அல்ல. அவர்களும் “உன் விருப்பம் அதுவானால் சரி” என்று பட்டும் படாமலும் பதில் சொல்கிறார்கள். முதல் காட்சியில் ஆன்டிகனி இதைப் பற்றித் தங்கையிடம் பேசும்போது கிரயோனை அரசன் என்றுகூடச் சொல்லவில்லை, தளபதி என்கிறாள். போர்க்காலத்தில் தளபதி போட்ட அவசர அறிவிப்பு அவள் கண்ணுக்கு அவ்வளவுதான். கிரயோனோ அதையே திரும்பத் திரும்பச் சட்டம் என்கிறான்.

அரங்கில் உட்கார்ந்திருந்த ஏதெனியர்கள் மக்கள் சபையில் கையுயர்த்தி வாக்களித்துப் பழகியவர்கள். ஒருவன் காலையில் சொன்னது மாலைக்குள் சட்டமாவது அவர்களுக்கு உறுத்தியிருக்கும். அதனால் ‘சட்டத்துக்கும் குடும்பத்துக்கும் மோதல்’ என்று தலைப்பிடும்போதே கிரயோன் கேட்ட பாதியை நாம் கொடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று. தண்டனை ஊரார் கல்லெறிந்து கொல்வது என்று முதலில் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஊர் கைகொடுக்க வேண்டும். ஊர் அவளுக்காக இருட்டில் முணுமுணுத்து அழுகிறது என்று ஹைமோன் வந்து சொன்ன பிறகு, கல்லடியைப் பற்றிய பேச்சே இல்லை. தண்டனை குகைக்கு மாறிவிடுகிறது. நகரத்துக்குத் தீட்டு வராதபடி கொஞ்சம் உணவும் உள்ளே வைக்கச் சொல்கிறான். கிரயோன் வாய்விட்டுச் சொல்லும் காரணம் தீட்டு. சொல்லாத காரணம், கல்லெடுக்க ஆள் வராது என்ற பயம் என்றே நான் படிக்கிறேன்.

துரோகியைப் புதைக்கக் கூடாது என்ற சட்டம் ஏதென்ஸிலேயே இருந்ததாமே?

இருந்தது. துரோகிகளையும் கோயில் கொள்ளையர்களையும் ஏதென்ஸைச் சேர்ந்த அட்டிகா மண்ணில் அடக்கம் செய்யக் கூடாது என்ற சட்டத்தை வரலாற்றாசிரியர் செனஃபோன் பதிவு செய்திருக்கிறார். சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்ற தெமிஸ்டோக்ளீஸுக்கே இந்த நிலைமை வந்தது. துரோகக் குற்றச்சாட்டில் நாட்டைவிட்டு ஓடி, பாரசீக மன்னனின் ஆதரவில் மக்னீஷியாவில் இறந்தார். அவருடைய எலும்புகளை உறவினர்கள் ஊருக்குத் தெரியாமல் கொண்டுவந்து அட்டிகாவில் புதைத்ததாகச் சொல்கிறார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். நாடகம் பார்க்க வந்தவர்களில் வயதானவர்களுக்கு அவரை நேரில் பார்த்த நினைவு இருந்திருக்கும்.

அப்படியானால் கிரயோன் செய்தது சரிதானே? இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏதெனியச் சட்டம் ‘எங்கள் எல்லைக்குள் வேண்டாம்’ என்றது. எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்க உறவினருக்குத் தடை இல்லை. கிரயோன் அந்த வழியையும் அடைத்தான். பிணத்தைக் காவல்போட்டு அழுகவிட்டான். ஒப்பாரிகூடக் கூடாது என்றான். தண்டனை இறந்தவனோடு நிற்காமல் கீழுலகத் தெய்வங்களின் பங்கிலும் கைவைத்துவிட்டது.

போரில் தோற்ற எதிரியின் பிணங்களையே போர்நிறுத்தம் போட்டுத் திருப்பித் தருவது கிரேக்க நகரங்களுக்கிடையே பொது வழக்கம். அதை மீறினால் எவ்வளவு கொதிப்பு எழுந்தது என்பதற்கு கி.மு. 424இல் நடந்த டீலியம் போர் சாட்சி. கோயிலை ஆக்கிரமித்த ஏதெனியர்கள் வெளியேறும்வரை பிணங்களைத் தர மாட்டோம் என்று தீப்ஸ் தரப்பு பிடிவாதம் பிடித்தது. ஏதெனியர்களின் உடல்கள் இரண்டு வாரத்துக்கும் மேல் கிடந்தன. நாடகம் வந்து ஏறக்குறைய 17 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே தீப்ஸ் நாட்டவர், அதே பிரச்சினை.

கிரயோனுக்கும் குடும்பக் கடமை இருந்ததா?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை. ஆனால் கேட்க வேண்டியது இதுதான்.

தமிழ் வாசகருக்கு இதைப் புரியவைப்பது எளிது. கிரயோன், ஆன்டிகனிக்குத் தாய்மாமன். ஹைமோன் மாமன் மகன், முறை மாப்பிள்ளை. (ஈடிபஸும் யொகாஸ்டாவின் மகன்தான் என்பதால் கிரயோன் அவளுக்கு ஒரே சமயத்தில் மாமனும் அப்பாவின் மாமனும் ஆகிறான். இந்த வீட்டில் எந்த உறவும் ஒற்றை இழையில் ஓடாது.) அப்பா இல்லை, அண்ணன்கள் இல்லை. வீட்டில் மிஞ்சிய பெரிய ஆண்மகன் கிரயோன் ஒருவனே. ஏதெனிய வழக்கப்படி அந்தப் பெண்களுக்குப் பாதுகாவலன் அவன். செத்துக் கிடப்பவனும் அவன் அக்காவோ தங்கையோ பெற்ற பிள்ளை. அடக்கத்தை முன்னின்று நடத்த வேண்டியவனே அவன்தான்.

ஆகவே ஆன்டிகனி, மாமன் செய்யத் தவறிய வேலையை மாமனின் ஆணைக்கு எதிராகச் செய்கிறாள். குடும்பம் அரசை எதிர்க்கிறது என்பதைவிட, ஒரே குடும்பத்தின் இரண்டு பேர் ஒரே பிணத்தின் மேல் சண்டை போடுகிறார்கள் என்பதே சரி. அவனுக்கு அது தெரியாமலும் இல்லை. “அவள் என் உடன்பிறந்தவள் மகளாக இருந்தால் என்ன, என் வீட்டு முற்றத்து ஜீயஸைக் கும்பிடும் எல்லோரையும்விட நெருங்கியவளாக இருந்தால்தான் என்ன, தப்ப முடியாது” என்கிறான். வீட்டுக்குள் ஒழுங்கீனத்தை வளர்த்தால் வெளியே எப்படி ஆள்வேன் என்று மகனிடம் கேட்கிறான். வீட்டில் நல்லவனே நாட்டிலும் நீதிமான் என்பது அவன் கொள்கை. குடும்பத்தை அவன் ஒதுக்கவில்லை. நகரத்தையே தன் வீடாக்கி, தன் சொல் கேட்கும் பிள்ளைகளாக எல்லோரையும் நடத்தப் பார்க்கிறான்.

அவனை வில்லன் என்று சொல்லிவிடலாமா?

தொடக்கத்தில் சொல்ல முடியாது. அவனுடைய முதல் உரையைத் தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆட்சியிலும் சட்டத்திலும் பழகாதவரை ஒருவனுடைய மனத்தை அறிய முடியாது. நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவன் ஒன்றுக்கும் ஆகாதவன். நகரம் என்ற கப்பல் நேராக ஓடினால்தான் நட்பே சாத்தியம். இதில் எதை மறுப்பீர்கள்? சுமார் 100 ஆண்டுகள் கழித்து, கி.மு. 343இல், பேச்சாளர் டெமாஸ்தனிஸ், தூதுபோன இடத்தில் துரோகம் செய்ததாகத் தன் எதிரி ஈஸ்கினிஸ் மேல் தொடுத்த வழக்கில் இந்த வரிகளை நீதிமன்றத்தில் வாசிக்கச் சொன்னார், நல்ல குடிமகனுக்கு இலக்கணமாக. ஈஸ்கினிஸ் முன்னாள் நடிகர். கிரயோன் வேடம் கட்டியவர். “மேடையில் எத்தனை முறை இதைப் பேசினாய், தூது போனபோது மறந்துவிட்டாயே” என்பது குத்தல்.

உரை நன்றாகத்தான் இருக்கிறது. கேள்வி வரும்போது ஆள் மாறுகிறான். மண் தூவப்பட்டிருக்கிறது என்று காவலாளி சொன்னதும், காசு வாங்கிவிட்டாய் என்கிறான். தெய்வம் செய்திருக்குமோ என்று கோரஸ் வாய்திறந்தால், கிழவர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்கிறான். டைரீசியாஸ் வந்தாலும் காசுதான் நினைவுக்கு வருகிறது. ஹைமோனோடு நடக்கும் வாக்குவாதத்தில் முகமூடி முழுக்கக் கழன்றுவிடுகிறது. நகரம் ஆள்பவனுக்குச் சொந்தமில்லையா என்று கேட்கிறான். “ஒருத்தனுக்குச் சொந்தமானது நகரமே அல்ல,” “ஆளில்லாத பாலைவனத்தை நீ மட்டும் அருமையாக ஆளலாம்” என்று மகன் வெடிக்கிறான். நகரத்தின் பேரால் பேசத் தொடங்கியவன் நகரம் பேசுவதைக் கேட்க மறுக்கிறான். சீரழிவு அங்கே.

‘எழுதப்படாத சட்டம்’ என்று ஆன்டிகனி சொல்வது எது?

ஆணை தெரிந்தும் மீறினாயா என்ற கேள்விக்கு அவள் பதில் இது: இதை அறிவித்தது ஜீயஸ் இல்லை; கீழுலகத் தெய்வங்களோடு வாழும் நீதியும் இப்படி ஒரு சட்டம் வைக்கவில்லை. சாகப்போகும் ஒரு மனிதனின் அறிவிப்புக்குத் தெய்வங்களின் எழுதப்படாத, அசையாத வழக்கங்களைத் தாண்டும் வலு கிடையாது. அவை இன்றைக்கும் நேற்றைக்கும் உரியவை அல்ல. எப்போது தோன்றின என்று எவருக்கும் தெரியாது.

இதை ஊரை எதிர்க்கும் தனிமனிதக் குரலாக மட்டும் கேட்கக் கூடாது. எழுதப்படாத சட்டங்களை மதிப்பதை ஏதென்ஸே தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. கி.மு. 431இல் போரில் இறந்தவர்களுக்கான உரையில், மீறினால் வெட்கக்கேடு என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எழுதப்படாத சட்டங்களுக்கும் நாங்கள் பணிகிறோம் என்று பெரிக்ளீஸ் பேசியதாகத் துசிடிடீஸ் தருகிறார். அரசின் தலைவர் வாயிலிருந்தே வருகிறது அந்தச் சொல்.

அரிஸ்டாட்டில் இதைத் தரைக்குக் கொண்டுவருகிறார். பேச்சுக்கலை பற்றிய நூலில், இயற்கை நீதிக்கு உதாரணமாக ஆன்டிகனியின் வரிகளைக் காட்டுகிறார். பிறகு வழக்காடுபவருக்கு யோசனை சொல்கிறார்: எழுதிய சட்டம் உனக்கு எதிராக இருந்தால் பொதுநீதியைக் கூப்பிடு, ஆன்டிகனியை மேற்கோள் காட்டு, சாதகமாக இருந்தால் எழுதிய சட்டத்தையே பிடித்துக்கொள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வக்கீல் புத்தி அன்றும் இதுதான்.

“கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன்” என்று அவளே சொல்கிறாளே?

ஆமாம், சொல்கிறாள். குகைக்குப் போகும் வழியில், நாடகத்தின் 900ஆவது வரிகளைத் தாண்டி. கணவன் செத்தால் வேறொருவன் கிடைப்பான், பிள்ளை போனால் இன்னொன்று பெறலாம், தாயும் தந்தையும் கீழுலகில் இருக்கும்போது இன்னொரு சகோதரன் எனக்குப் பிறக்கப்போவதில்லை. இதுதான் கணக்கு. பிள்ளைக்காக என்றால் குடிமக்களை எதிர்த்து இந்தப் பாட்டைப் பட்டிருக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறாள்.

பலருக்கு இது தொண்டையில் சிக்கிய முள். இவ்வளவு நேரம் எல்லா இறந்தவர்களுக்கும் பொதுவான தெய்வநீதி பேசியவள், திடீரென்று பதிலாள் கிடைப்பானா என்று கணக்குப் போடுகிறாளே! ஜெர்மானியக் கவிஞர் கேத்தே 1827இல் ஓர் உரையாடலில், இந்த வரிகள் சோஃபக்ளீஸ் எழுதியவை அல்ல என்று யாராவது அறிஞர் நிரூபித்தால் நன்றாயிருக்கும் என்றே சொல்லிவிட்டார். பின்னால் வந்த அறிஞர்கள் பலர் நீக்கியும் பார்த்தார்கள். ஆனால் அரிஸ்டாட்டில் காலத்திலேயே இந்த வரிகள் நாடகத்தில் இருந்தன. அவரே மேற்கோள் காட்டுகிறார்.

இதே வாதம் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நூலிலும் வருகிறது. பாரசீக மன்னன் டேரியஸ், இன்டஃப்ரனிஸ் என்பவனையும் அவன் வீட்டு ஆண்களையும் கொல்லச் சிறைபிடிக்கிறான். வாசலில் நின்று அழும் மனைவியிடம் ஒருவரை மட்டும் கேள் என்கிறான். அவள் கணவனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு சகோதரனைக் கேட்கிறாள், இதே காரணத்தைச் சொல்லி. மன்னன் மெச்சி மூத்த மகனையும் சேர்த்துக் கொடுக்கிறான். அங்கே வாதம் பொருந்துகிறது. காப்பாற்ற உயிருள்ள சகோதரன் இருக்கிறான். ஆன்டிகனியின் சகோதரன் ஏற்கெனவே செத்தவன்.

எனக்கு இந்த வரிகள் வேண்டும். நீக்கிவிட்டால் கிடைப்பது ஒரு சிலை. இருந்தால் கிடைப்பது, சாவு நெருங்கும்போது பெரிய கொள்கைகள் கைகொடுக்காமல், தான் ஏன் இதைச் செய்தோம் என்று தனக்கே காரணம் தேடும் ஒரு பெண். ‘குடும்பத்தின் பிரதிநிதி’ என்ற பட்டமும் இங்கே கிழிகிறது. வாய்க்காத கணவனையும் பிறக்காத பிள்ளைகளையும் அவள் பிறந்த வீட்டுக்காகத் தள்ளிவைக்கிறாள். உயிரோடு இருக்கும் தங்கையையே முன்பு உதறியவள்தான். ஈடிபஸ் வீட்டில் மிஞ்சியவள் நான் ஒருத்தி என்று கடைசியில் சொல்லும்போது இஸ்மீனி அவள் கணக்கிலேயே இல்லை.

இஸ்மீனி கோழையா?

இல்லை. நாம் பெண்கள், ஆண்களோடு மோத முடியாது, இறந்தவர்கள் மன்னிக்கட்டும் என்று முதலில் விலகுகிறாள். ஆனால் ஆன்டிகனி பிடிபட்டதும் வந்து, நானும் கூட்டு என்று சாவில் பங்கு கேட்கிறாள். அக்கா அவளை ஏற்கவில்லை. செய்யாததற்குப் பங்கு கிடையாது என்கிறாள். “வெறுப்பில் சேர அல்ல, அன்பில் சேரவே பிறந்தேன்” என்று சற்று முன்பு கிரயோனிடம் சொன்ன அதே வாய்தான். நடிகைகள் இந்தக் காட்சியைத் தங்கையைக் காப்பாற்றும் தந்திரமாகவும் நடிக்கலாம், உண்மையான கோபமாகவும் நடிக்கலாம். வசனம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

ஒருமுறை மண் தூவியாகிவிட்டதே, இரண்டாம் முறை ஏன் போனாள்?

அறிஞர்கள் நீண்ட காலமாக அடித்துக்கொள்ளும் கேள்வி. காவலர்கள் மண்ணைத் துடைத்துவிட்டார்கள், அதைக் கண்டு மறுபடி தூவினாள் என்பது நேரான பதில். கூட்டில் குஞ்சைக் காணாத பறவைபோல அலறினாள் என்று காவலாளி சொல்கிறான். மேடையில் பார்க்கும்போது இந்தச் சந்தேகம் யாருக்கும் வருவதில்லை.

ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகல் இந்த நாடகத்தைப் பற்றிச் சொன்னது என்ன?

இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. இரண்டும் நியாயம்தான், ஆனால் இரண்டும் பாதி நியாயம் என்றார். நகரத்தின் பகல்வெளிச்சச் சட்டம் ஒன்று, குடும்பத்துக்கும் கீழுலகத் தெய்வங்களுக்கும் உரிய சட்டம் இன்னொன்று. 1807இல் வந்த அவருடைய நூலிலிருந்து பாடப்புத்தகங்கள் வரை இந்தப் பிரிவினை பரவிவிட்டது.

பலர் விட்டுவிடும் ஒரு பகுதி அவரிடமே உண்டு. ஆன்டிகனி கிரயோனின் ஆட்சிக்குள் வாழும் அரசமகள், அவன் மகனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். ஆகவே ஆணையை மதிக்கும் கடமை அவளுக்கும் உண்டு. கிரயோன் தந்தை, கணவன். ஆகவே இரத்தத்தின் புனிதத்தை மதிக்கும் கடமை அவனுக்கும் உண்டு. எதை எதிர்க்கிறார்களோ அது அவர்களுக்குள்ளேயே இருக்கிறது, அதுவே அவர்களை முறிக்கிறது என்கிறார். இந்த ஹெகலோடு எனக்குச் சண்டை இல்லை. இருவரும் சமமான அளவு சரி என்று முடிக்கும் ஹெகலோடுதான். நாடகத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கு அப்படி எடைபோடவில்லை. “கீழே இருக்க வேண்டியவனை மேலே வைத்திருக்கிறாய், மேலே இருக்க வேண்டியவளைக் கீழே தள்ளியிருக்கிறாய்” என்று டைரீசியாஸ் கிரயோனிடம்தான் சொல்கிறார். ஆன்டிகனியிடம் எந்தக் குறிசொல்லியும் வரவில்லை.

கிரயோன் மனம் மாறிவிட்டானே, பிறகு ஏன் அவளைக் காப்பாற்ற முடியவில்லை?

வரிசையைப் பாருங்கள். கோரஸ் தெளிவாகச் சொல்கிறது: போய்ப் பெண்ணைக் குகையிலிருந்து விடு, கிடப்பவனுக்குக் கல்லறை எழுப்பு. பெண் முதலில். கிரயோன் முதலில் பிணத்திடம் போகிறான். மிச்சமிருந்த உடலைக் கழுவி, எரித்து, சொந்த மண்ணால் மேடு எழுப்பி, எல்லாம் முறைப்படி முடித்த பிறகே குகைக்கு வருகிறான். அங்கே ஹைமோனின் அழுகுரல் கேட்கிறது.

ஏன் இந்த வரிசை என்று நாடகம் விளக்கவில்லை. தெய்வக் கோபத்துக்குப் பயந்து இறந்தவனிடம் ஓடினான் என்று சொல்லலாம். எனக்குத் தோன்றுவது, உயிரோடு இருக்கும் பெண்ணின் முன்னால் போய் நிற்பதைவிடப் பிணத்துக்குச் சடங்கு செய்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

இதே மோதல் வேறு எந்த நாடகங்களில் வருகிறது?

எஸ்கிலஸ் கி.மு. 458இல் அரங்கேற்றிய ஒரெஸ்டியா மூன்று நாடகங்களிலும். டிராய்மேல் போருக்குப் போகும் கிரேக்கப் படையின் தலைவன் அகமெம்னான், கப்பல்கள் புறப்படக் காற்று வேண்டி மகள் இஃபிஜீனியாவைப் பலிகொடுக்கிறான். மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா அதற்காகவும் அவனைக் கொல்கிறாள். மகன் ஒரெஸ்டிஸ் தாயைக் கொல்கிறான். தாயின் இரத்தத்துக்குப் பழிதேடித் துரத்தும் தெய்வங்களிடமிருந்து தப்பி ஏதென்ஸ் வந்து சேர்கிறான். நகரத்தின் தெய்வம் அதீனா ஒரு நீதிமன்றம் அமைக்கிறாள். தாய் பெற்றவளே அல்ல, விதையைச் சுமந்தவள் மட்டும்தான் என்று ஒரெஸ்டிஸுக்காக அப்பல்லோ தெய்வம் வாதாடுகிறான் (எவ்வளவு மோசமான வாதம்!). வாக்குகள் சமமாக விழ, ஒரெஸ்டிஸ் விடுதலை. தோற்ற பழித்தெய்வங்களுக்கு ஏதென்ஸிலேயே இடமும் பூசையும் தரப்படுகிறது. குடும்பப் பகையை நீதிமன்றம் விழுங்கிச் செரித்துவிடும் என்ற நம்பிக்கை எஸ்கிலஸுக்கு இருந்தது. சோஃபக்ளீஸின் தீப்ஸில் அப்படி ஒரு நீதிமன்றமே இல்லை.

சோஃபக்ளீஸின் ‘அஜாக்ஸ்’ நாடகத்திலும், துரோகி என்று முத்திரை குத்தப்பட்ட அஜாக்ஸின் பிணத்தைப் புதைக்கலாமா என்ற சண்டை பாதி நாடகத்தை எடுத்துக்கொள்கிறது. அங்கே ஒடிசியஸ் குறுக்கிட்டு, செத்தவன் என் எதிரிதான், ஆனாலும் புதைக்க விடுங்கள் என்று அகமெம்னானைச் சம்மதிக்க வைக்கிறான். ஆள்பவன் நண்பன் சொல்லைக் கேட்கிறான், யாரும் சாகவில்லை.

யூரிப்பிடிஸின் ‘ஃபினீசியப் பெண்கள்’ நாடகத்தில் வரும் கிரயோனைத் தவறவிடாதீர்கள். மகன் மெனோக்கியஸைப் பலிகொடுத்தால் நகரம் பிழைக்கும் என்று டைரீசியாஸ் சொல்கிறார். உடனே கிரயோன் நகரமாவது ஒன்றாவது என்று, மகனை ஊரைவிட்டு ஓடச் சொல்கிறான். பையன் அப்பாவை ஏமாற்றிவிட்டுப் போய்த் தானே உயிரைக் கொடுக்கிறான். நாட்டைவிட உறவைப் பெரிதாக நினைப்பவன் ஆகாதவன் என்று பேசிய அதே பெயருக்கு, வேறொரு கவிஞர் எழுதிய பதில் இது.

சோஃபக்ளீஸ் எந்தப் பக்கம்?

அவர் அரசின் ஆள். கி.மு. 443–442இல் ஏதென்ஸ் கூட்டணியின் கருவூலப் பொறுப்பாளர்களில் ஒருவர். கி.மு. 441–440இல் பெரிக்ளீஸோடு சேர்ந்து தளபதி. சமோஸ் தீவின் கலகத்தை அடக்கப் போனார். ‘ஆன்டிகனி’ நன்றாக இருந்ததால்தான் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு பழைய கதைகூட உண்டு. ஆணையிடும் நாற்காலியின் சூடு அவருக்குத் தெரியும். கிரயோனின் முதல் உரை அவ்வளவு உறுதியாக ஒலிப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பிற்காலத்தில் யார் யார் எடுத்தாண்டார்கள்?

நிறையப் பேர். 1944இல் ஜெர்மானியப் பிடியில் இருந்த பாரிஸில் பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் அனூய் தன் ‘ஆன்டிகனி’யை மேடையேற்றினார், தணிக்கையும் அனுமதித்தது. அவருடைய கிரயோன் நிர்வாகி, களைத்தவன், விஷயம் தெரிந்தவன். எதிர்ப்பாளர்கள் அவளிடம் தங்களைக் கண்டார்கள். நாடகம் கிரயோனுக்கு அதிகம் இரங்குகிறது என்று குறைப்பட்டவர்களும் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் சோஃபக்ளீஸின் நாடகத்தை நடித்தபோது நெல்சன் மண்டேலா ஏற்ற வேடம் கிரயோன். தங்கள் போராட்டத்தின் அடையாளம் ஆன்டிகனிதான் என்று பின்னால் எழுதியவர், ஆட்சியில் சோதிக்கப்படும்வரை ஒருவனை அறிய முடியாது என்ற வரிகளை அங்கே பேசினார்.

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

நேராக ‘ஆன்டிகனி’யிலிருந்தே. ஈடிபஸ் கதையை அறிந்திருந்தால் போதும். ‘ஈடிபஸ் மன்னன்’ இதற்குப் பிறகு எழுதப்பட்டதுதான். பிறகு ‘அஜாக்ஸ்’, அதற்குப் பிறகு ஒரெஸ்டியா. கடைசியாக, சோஃபக்ளீஸ் தன் முதுமையில் எழுதி, அவர் இறந்தபின் கி.மு. 401இல் பேரன் மேடையேற்றிய ‘கொலோனஸில் ஈடிபஸ்’. அதில் போருக்குப் புறப்படும் பாலினைசஸ், நான் செத்தால் முறைப்படி அடக்கம் செய்யுங்கள் என்று தங்கைகளிடம் கேட்டுவிட்டுப் போகிறான். போகாதே என்று ஆன்டிகனி கெஞ்சுகிறாள். சத்தமாக வாசிக்கக் குழு அமைந்தால், ஹைமோனும் கிரயோனும் மோதும் காட்சியிலிருந்து ஆரம்பியுங்கள். வரிக்கு வரி பதில் பறக்கும் அந்த இடத்தில் புதியவர்களுக்கும் தயக்கம் போய்விடும்.